அந்த 29 விநாடி



போன ஞாயிற்றுக்கிழமை இரவு மணி பத்தரை இருக்கும். சாப்பாட்டு மேஜையைத் துடைத்துவிட்டு, அதன் மேலேயே ரெக்கார்டு நோட்டை விரித்துவைத்து எழுதிக்கொண்டிருந்தாள் மகள். பிளஸ் ஒன் படிக்கிறாள். மறுநாள் காலையில் இயற்பியல் ரெக்கார்டில் கையெழுத்து வாங்கியாக வேண்டும். தனி ஊசல் சோதனை. நூலில் ஒரு உலோகக் குண்டைக் கட்டி ஆடவிட்டு, அது ஆடும் நேரத்தை வைத்துப் புவியீர்ப்பு முடுக்கத்தைக் கண்டுபிடிப்பது. நம்மில் பலர் அந்த வயதில் செய்ததுதான்.

"அம்மா, எனக்கு 9.48 வந்திருக்கு. எல்லாரும் 9.8 எழுதியிருக்காங்க. நானும் 9.8-ன்னு மாத்திடட்டுமா?"

அவள் கேட்கும்போதே பாதி மாற்றி முடித்திருந்தாள். லேபில் வைத்து எழுதும் ஆப்சர்வேஷன் நோட்டில், 50 செ.மீ. நீளத்துக்கு நேராக, 20 அலைவுகளுக்கு 29.0 விநாடி என்று இருந்தது. ரெக்கார்டு நோட்டின் இடது பக்கம், கோடு போடாத தாளில், அதே இடத்தில் பென்சிலால் மெல்லிசாக 28.4 என்று இருந்தது. 9.8 வருவதற்கு எத்தனை விநாடி வேண்டும் என்று கால்குலேட்டரில் பின்னாலிருந்து கணக்குப் போட்டிருக்கிறாள். கணக்கு சுத்தமாக இருந்தது. பதிலைக் கையில் வைத்துக்கொண்டு ரீடிங்கைத் தயாரிக்கும் வித்தையை யாரும் சொல்லித்தராமலே கற்றுக்கொண்டிருக்கிறாள்.

எனக்குக் கோபம் வரவில்லை. அந்த வயதில் நானும் இதையே செய்தவள்தான். என் ரெக்கார்டிலும் 9.8 இருந்தது, அதன் மேல் சிவப்பு மையில் ஒரு சரி குறியும் இருந்தது. அந்த ஊசலை நான் எண்ணி ஆடவிட்டதே இரண்டு முறைதான். அட்டவணையில் இருந்ததோ ஆறு வரிசை. இத்தனை வருஷம் கழித்து அதை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. கிடைத்த ஒரு நல்ல சந்தர்ப்பத்தை நான் வீணாக்கினேன்.

பிப்ரவரி பிறந்தாலே பிளஸ் டூ பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் பிராக்டிகல் பேச்சு வந்துவிடும். எழுத்துத் தேர்வுக்கு 70 மதிப்பெண், மீதி 30 செய்முறைக்கும் அகமதிப்பீட்டுக்கும். அந்த மதிப்பெண்ணுக்காக வீடே ரெக்கார்டு எழுத உட்காருகிறது. தாவரவியல் படத்தை அக்கா வரைகிறாள். அட்டவணைக்கு அப்பா கோடு போடுகிறார். பிரவுன் தாள் அட்டை அம்மாவின் வேலை. இதெல்லாம் அன்பில் செய்வது, குறை சொல்ல ஒன்றுமில்லை. கோடு போட்டுக் கொடுப்பதோடு நாம் நின்றுகொள்கிறோமா? "ஏதாவது ஒண்ணைப் போட்டு முடி, நாளைக்குக் கையெழுத்து வாங்கணும்ல" என்று சொல்லாத பெற்றோர் எத்தனை பேர்? காசு கொடுத்து வெளியில் எழுதி வாங்குகிறவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள்.

ரெக்கார்டின் முதல் பக்கத்தைப் பார்த்திருப்பீர்கள். இன்னார், இந்த வகுப்பில், இந்த ஆண்டில் செய்த செய்முறைப் பணியின் உண்மையான பதிவு இது என்று அச்சடித்த சான்றிதழ் இருக்கும். ஆசிரியர் கையெழுத்துப் போடுவார். வெளியிலிருந்து வரும் தேர்வாளரும் போடுவார். பதினாறு வயதுப் பிள்ளை தன் பெயரை எழுதி, "இது நான் பார்த்தது" என்று கொடுக்கும் முதல் சான்று அநேகமாக அதுதான்.

மகளிடம் இதையெல்லாம் அப்போது சொல்லவில்லை. பத்தரை மணிக்குச் சொன்னால் எந்தப் பிள்ளை கேட்கும்? "ஆப்சர்வேஷன் நோட்டைக் கொடு, பார்க்கலாம்" என்றேன்.

மூன்று நீளங்களுக்கு எடுத்திருந்தாள். 50 செ.மீ.க்கு 29.0 விநாடி. 70-க்கு 34.2. 90-க்கு 38.5. கணக்குப் போட்டால் முறையே 9.39, 9.45, 9.59. சராசரி 9.48.

"இந்த மூணையும் பாரு. ஏதாவது தெரியுதா?"

கொஞ்ச நேரம் பார்த்தாள். "ஏறிக்கிட்டே போகுது."

அதுதான் விஷயம். கை பிசகி இருந்தால் பதில் ஒரு தடவை கூடும், ஒரு தடவை குறையும். இது அப்படி இல்லை. நூல் நீள நீள, பதில் ஒரே திசையில் 9.8-ஐ நோக்கி நகர்கிறது. குட்டையான நூலில் பெரிதாகத் தெரிகிற தவறு, நீளமான நூலில் சிறிதாகிவிடுகிறது. அப்படியென்றால் எல்லா நீளத்திலும் ஒரே அளவு குறைந்திருக்க வேண்டும்.

"நீளத்தை எங்கேயிருந்து எங்கே வரைக்கும் அளந்தே?"

ரெக்கார்டின் வலது பக்கத்தைத் திருப்பிக் காட்டினாள். தொங்கவிடப்பட்ட புள்ளியிலிருந்து ஊசல் குண்டின் மையம் வரை நீளம் அளக்கப்படுகிறது என்று அழகான கையெழுத்தில் செய்முறை எழுதியிருந்தது.

"இது புத்தகத்துல இருக்கிறது. நீ எது வரைக்கும் அளந்தே?"

பேனாவைக் கீழே வைத்தாள். "முடிச்சு வரைக்கும்மா. நூல் முடியுற இடம் வரைக்கும்."

கொக்கியும் குண்டின் பாதியும் கணக்கில் வரவே இல்லை! இரண்டும் சேர்ந்து சுமார் 2 செ.மீ. இருக்கும் என்று கையால் காட்டினாள். 50-ஐ 52 ஆக்கி, 70-ஐ 72 ஆக்கி, 90-ஐ 92 ஆக்கி மறுபடி கணக்குப் போட்டாள். 9.76, 9.72, 9.80. ஏறிக்கொண்டே போன வரிசை நின்றுவிட்டது. அவள் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

இப்போது அந்த 28.4-ஐ யோசித்துப் பாருங்கள். அதை எழுதியிருந்தால் 9.8 வந்திருக்கும், சரி குறியும் விழுந்திருக்கும். தான் எங்கே தவறினோம் என்பது அவளுக்குக் கடைசிவரை தெரிந்திருக்காது. தப்பான அந்த 29-க்குள்தான் காரணம் ஒளிந்திருந்தது. உண்மையில் அந்த 29 தப்பே இல்லை. ஸ்டாப் வாட்ச் சரியாகத்தான் காட்டியது, தப்பு ஸ்கேல் பிடித்த கையில். திருத்தப் போனவள் சரியாக இருந்த எண்ணையே அழிக்கப் பார்த்தாள்.

செய்முறையைப் புத்தகத்தைப் பார்த்து எழுதுவதில் உள்ள ஆபத்தும் இதுதான். புத்தகம் எப்படிச் செய்யச் சொல்கிறதோ அதை எழுதிவிட்டால், நாம் எப்படிச் செய்தோம் என்பது மறைந்துபோகிறது. "நூலை முடிச்சு வரை அளந்தேன்" என்று அவள் தன் வார்த்தையில் எழுதியிருந்தால், ஆசிரியர் ஒரு பார்வையில் பிடித்திருப்பார். நம் பிள்ளைகளின் ரெக்கார்டு எல்லாம் ஒரே மாதிரி, ஒரே வாக்கியத்தில் இருப்பதைப் பார்த்து நாம் சந்தோஷப்படுகிறோம். நாற்பது பேர் நாற்பது விதமாகத்தானே அளந்திருப்பார்கள்?

இன்னொன்று. இந்த 9.8 என்பதையே கொஞ்சம் பாருங்கள். பூமி முழுக்க அது ஒரே எண் இல்லை. நிலநடுக்கோட்டில் சுமார் 9.78, துருவங்களில் சுமார் 9.83. தமிழ்நாட்டில் கடல்மட்டத்தில் அளந்தால் 9.78-ஐ ஒட்டி வரும். பள்ளிக்கூட ஸ்டாப் வாட்சை வைத்துக்கொண்டு அந்த வித்தியாசத்தைக் காட்ட முடியாது என்பது வேறு விஷயம். கட்டை விரல் 0.2 விநாடி முன்பின்னாக அழுத்தினாலே, 50 செ.மீ. நூலில் பதில் 9.6-க்கும் 9.9-க்கும் இடையில் எங்கே வேண்டுமானாலும் போகும். ஒரே ஒரு அலைவை அளந்தால் அந்த 0.2 விநாடி இன்னும் பெரிய தொல்லை. அதனால்தான் 20 அலைவுகளை எண்ணி, 20-ஆல் வகுக்கச் சொல்கிறார்கள். ஆக, ஒரு வகுப்பில் நாற்பது பேருக்கும் துல்லியமாக 9.8 வந்திருந்தால் அந்த வகுப்பில் யாரும் சரியாக அளக்கவில்லை என்றுதான் நான் நினைப்பேன்.

வேதியியல் லேபிலும் இதே கதைதான். டைட்ரேஷன் நடக்கும் நாளில், பியூரெட்டில் ஒரு சொட்டு விழுவதற்கு முன்பே "உனக்கு எவ்வளவு வந்துச்சு?" என்ற கிசுகிசுப்பு தொடங்கிவிடும். முதல் ரேங்க் வாங்கும் பிள்ளையின் எண் வரிசை வரிசையாகப் பரவும். பொட்டாசியம் பெர்மாங்கனேட் ஒரு சொட்டு கூடுதலாக விழுந்தால் கரைசல் இளஞ்சிவப்பைத் தாண்டிப்போகும். அந்த ஒரு சொட்டுக்காகத் திரும்பத் திரும்பச் செய்து, ஒத்த அளவு வரும்வரை நிற்பதுதான் அந்தப் பாடத்தின் உயிர். பக்கத்துப் பிள்ளையின் எண்ணை வாங்கி எழுதினால் அந்தப் பாடம் கைக்கு வருமா?

இந்த இடத்தில் 18-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்துக்காரர் ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஹென்றி கேவண்டிஷ். காற்றில் உள்ள நைட்ரஜனைத் தனியே பிரித்து நீக்க, மின்பொறியை வைத்து ஒரு சோதனை செய்தார். எல்லாம் போன பிறகும் குழாயில் ஒரு சின்னக் குமிழி மட்டும் போகாமல் நின்றது. மொத்தத்தில் 120-இல் ஒரு பங்குக்கு மேல் இருக்காது. இதென்ன பிரமாதம் என்று விட்டிருக்கலாம். அவர் விடவில்லை. 1785-இல் வெளியான அறிக்கையில் அந்தக் குமிழியையும் அதன் அளவையும் எழுதிவைத்தார். அது என்ன என்று அவருக்குத் தெரியாது. நின்றது, அதனால் எழுதினார், அவ்வளவுதான்.

நூறு ஆண்டுகளுக்கு மேல் போயின. 1892-இல் ராலே பிரபு நைட்ரஜனின் எடையை அளந்துகொண்டிருந்தார். காற்றிலிருந்து எடுத்த நைட்ரஜன் ஒரு கண்ணாடிக் குடுவையில் 2.31 கிராம் இருந்தது. அம்மோனியாவை வைத்துத் தயாரித்த நைட்ரஜன் அதே குடுவையில் அதைவிடச் சற்றே குறைவாக இருந்தது. வித்தியாசம் ஆயிரத்தில் ஒரு பங்கு. நம் வீட்டு எண்ணெய்ப் பாத்திரத்தில் ஒட்டிக்கொண்டு போவது இதைவிட அதிகம். அவர் என்ன செய்தார்? இரண்டையும் சராசரி எடுத்து முடித்துவிடவில்லை. எனக்கு இப்படி வருகிறது, காரணம் புரியவில்லை, யாருக்காவது தெரியுமா என்று கேட்டு 'நேச்சர்' இதழுக்கே கடிதம் எழுதினார். பிறகு வில்லியம் ராம்சேயும் அவரும் தேடிப் போனார்கள். கேவண்டிஷ் எழுதிவைத்த குமிழி நினைவுக்கு வந்தது. 1894-இல் காற்றில் அதுவரை யாருக்கும் தெரியாமல் இருந்த ஒரு வாயு வெளிப்பட்டது. அதுதான் ஆர்கான். 1904-இல் ராலேவுக்கு இயற்பியலிலும் ராம்சேவுக்கு வேதியியலிலும் நோபல் பரிசு கிடைத்தது.

நாம் மூச்சுவிடும் காற்றில் ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்கு அந்த ஆர்கான். தெருமுனை வெல்டிங் பட்டறையில் சிலிண்டரில் நிற்கிறதே, குண்டு பல்புக்குள் அடைத்து வைத்தார்களே, அதே வாயுதான். கேவண்டிஷ் அந்தக் குமிழியை எழுதாமல் விட்டிருந்தால்?

பிப்ரவரி 28-ஆம் தேதி தேசிய அறிவியல் நாள். 1928-இல் அந்த நாளில் கொல்கத்தாவில் சர் சி.வி. ராமன் கண்டறிந்த ராமன் விளைவின் நினைவாகக் கொண்டாடுகிறோம். அந்த ஆய்வில் அவரோடு உழைத்தவர் வத்திராயிருப்பில் பிறந்த கே.எஸ். கிருஷ்ணன். அந்த நாட்களில் அவர் நாட்குறிப்பு எழுதிவந்தார். அந்த பிப்ரவரியில் லேபில் எந்த நாளில் என்ன நடந்தது என்று அறிவியல் வரலாறு எழுதுகிறவர்களால் இன்று சொல்ல முடிகிறதென்றால், அதற்கு அந்தக் குறிப்புகள் பெரிய துணை.

"எங்க பிள்ளை விஞ்ஞானி ஆகப் போறதில்லையே, மார்க் வந்தா போதும்" என்று நீங்கள் நினைக்கலாம். ஆகாமலே போகட்டும். இது லேபோடு முடிகிற விஷயம் இல்லையே.

என் பெரியப்பாவுக்குச் சர்க்கரை. தினமும் காலையில் விரலில் குத்திப் பார்த்து ஒரு சின்ன நோட்டில் எழுதவேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவரும் தவறாமல் எழுதினார். மெஷின் 210 காட்டிய நாளில் 140 என்று எழுதினார். டாக்டர் திட்டுவாரே என்ற பயம்தான், வேறொன்றும் இல்லை. அந்த நோட்டைப் பார்த்து, "நல்லாத்தான் இருக்கு" என்று டாக்டர் மாத்திரையை அதே அளவில் தொடர்ந்தார். மூன்று மாத சராசரி காட்டும் ரத்தப் பரிசோதனை எடுத்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. அதற்குள் காலில் புண் வந்து, ஆறாமல் பல வாரம் கஷ்டப்பட்டார். அவர் பொய் சொல்லும் மனிதரே இல்லை. வாழ்நாள் முழுக்கக் கடையில் ஒரு ரூபாய் கூடுதலாக வாங்காதவர். ஆனால் 'வரவேண்டிய எண்' ஒன்று இருக்கிறது, அது வராவிட்டால் தப்பு நம்முடையது என்ற பயம் எங்கோ சின்ன வயதிலேயே உள்ளே போய் உட்கார்ந்துவிட்டது.

நாம் ரத்தம் கொடுத்துவிட்டு ரிப்போர்ட்டுக்காகக் காத்திருக்கிறோமே, அந்த லேபில் உட்கார்ந்து எழுதுகிறவரும் ஒருநாள் பிளஸ் டூவில் ரெக்கார்டு எழுதிய பிள்ளைதான். குடிநீரில் குளோரின் பார்க்கிறவர், பாலத்துக்கு சிமென்ட் கட்டியின் பலம் சோதிக்கிறவர், பால் பண்ணையில் கொழுப்பு அளக்கிறவர் எல்லோருமே அப்படித்தான். வந்ததை வந்தபடி எழுதும் பழக்கம் அவர்களுக்கு எந்த வயதில் வரவேண்டும் என்று நினைக்கிறீர்கள்?

சரி, பிள்ளைகளுக்கு நடைமுறையில் என்ன சொல்லலாம்? என் மகளிடம் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன்.

ஆப்சர்வேஷன் நோட்டுதான் முக்கியம். ரெக்கார்டு அதன் சுத்தப் பிரதி, அவ்வளவுதான். ரீடிங்கை லேபில், எடுத்த உடனே, பேனாவால் எழுத வேண்டும். தப்பாக எழுதிவிட்டால் ரப்பரோ ஒயிட்னரோ வேண்டாம். ஒரே கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதினால் போதும். அடித்த எண்ணும் படிக்கத் தெரிய வேண்டும், நாளைக்கு அதுவே தேவைப்படலாம்.

கால்குலேட்டர் 9.388447 என்று காட்டினால் அத்தனையையும் எழுதக் கூடாது. ஸ்கேலும் ஸ்டாப் வாட்சும் வைத்து எடுத்த அளவுக்கு 9.39 என்பதே தாராளம். அலகு எழுதாத எண்ணுக்கு அர்த்தமே இல்லை.

பதில் விலகிப் போயிருந்தால், 'மனிதத் தவறு' என்று இரண்டு வார்த்தை எழுதி ஒதுங்கிவிடுகிறார்கள். அது எதையும் சொல்லவில்லை. எது தவறியது, அதனால் பதில் கூடியதா குறைந்ததா, எவ்வளவு? அந்த மூன்றுக்கும் இரண்டு வரி எழுதினால், என் கணக்கில் சரியான பதிலைவிட அதற்கு மதிப்பு அதிகம்.

ஆசிரியர்களிடமும் ஒரு வேண்டுகோள். உங்கள் கஷ்டம் எங்களுக்குத் தெரியும். ஐம்பது பிள்ளைகளுக்கு ஐந்து ஸ்டாப் வாட்ச், முக்கால் மணி நேரப் பீரியடு, அதற்குள் எல்லோரும் ரீடிங் எடுத்தாக வேண்டும். இருந்தாலும் ஒரு பிள்ளை 9.48 எழுதி, கீழே காரணமும் எழுதிக் கொண்டுவந்தால் அதற்கு முழு மதிப்பெண் கொடுங்கள். ஒரு தடவை கொடுத்துவிட்டால் போதும், அந்த வகுப்பே கவனித்துக்கொள்ளும்.

அந்த இரவுக்கு வருகிறேன். இரண்டு செ.மீ. சேர்த்துக் கணக்கு சரியாக வந்ததும், "அப்ப 52, 72, 92-ன்னே எழுதிடு, நேரமாச்சு" என்று நானே அவசரப்பட்டேன். அவள் எழுதவில்லை.

"இந்த ரெண்டு செ.மீ.யை நான் அளக்கலையேம்மா. கையாலதானே காட்டினேன். இதுவும் அதே மாதிரிதானே?"

ரப்பரை எடுத்து 28.4-ஐ அழித்தாள். 29.0 எழுதினாள். 70-க்கும் 90-க்கும் ஆப்சர்வேஷன் நோட்டில் இருந்ததையே எழுதினாள். நீளம் என்ற கட்டத்தை மட்டும் காலியாக விட்டுவிட்டுப் படுத்தாள்.

திங்கட்கிழமை கையெழுத்து வாங்கவில்லை. ஆசிரியரிடம் விஷயத்தைச் சொல்லி, மதிய இடைவேளையில் அதே குண்டையும் ஒரு வெர்னியர் காலிப்பரையும் கேட்டு வாங்கியிருக்கிறாள். குண்டின் விட்டம் 1.90 செ.மீ. அதில் பாதி 0.95. கொக்கி 1.1. மாலையில் வீட்டுக்கு வந்து பையை வைக்கும் முன்பே நோட்டைத் திறந்து காட்டினாள். கட்டத்தில் 52.05, 72.05, 92.05 என்று எழுதியிருந்தது. விடை 9.77. செய்முறையில் புத்தக வாக்கியத்தின் மேல் ஒரே கோடு. கீழே அவள் கையெழுத்தில், கொஞ்சம் கோணலாக: முதலில் முடிச்சு வரை மட்டும் அளந்தேன், பிறகு கொக்கியையும் குண்டின் ஆரத்தையும் அளந்து சேர்த்தேன்.